‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று நான் எழுதிய வரி

தம்பிக்கு உன் அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் மாதிரி மூன்று நாட்களாகக் கடை மேசைமேல் கிடக்கிறது. பார்த்துச் சரி சொன்னால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு முறை போன் செய்துவிட்டாய். சரி சொல்வதற்கு முன் உன்னிடம் பேசித் தீர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், கடைசியில் உன் அப்பா போனை வாங்கி “சாப்ட்டியாய்யா” என்று கேட்டு முடித்துவைப்பார். அதனால் எழுதுகிறேன். எழுதியதை உறையில் போட்டு ஒட்டப் போவதும் இல்லை, இன்று இரவு பெங்களூர் பஸ்ஸில் வருகிறவர் கையில் திறந்தபடியே கொடுத்துவிடுகிறேன். கதவை மூடிக்கொண்டு பேசிய ஒரு பேச்சு என் வாழ்க்கையில் மூன்று ஆண்டுகளைத் தின்றது. இதை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். கடைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும், உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் படிக்கட்டும், நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் படிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தபோது கௌசல்யா வந்தாள். கம்பத்துப் பிள்ளை, உத்தமபாளையத்தில் கல்லூரி முடித்தவள், படிக்கிற காலத்தில் பிராஜெக்ட் செய்ய நம் கடைக்கு ஒரு மாதம் வந்துபோனவள். போன ஆண்டு நீதான் உன் பெங்களூர் கம்பெனியில் அவளைப் பற்றி எடுத்துச் சொல்லிச் சேர்த்துவிட்டாய். அதற்காக அவளுடைய அப்பா ஒரு பெட்டி திராட்சையைத் தோளில் வைத்துக்கொண்டு பழனிசெட்டிபட்டியில் நம் வீடு வரைக்கும் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தப் பெண் வாசலிலேயே நின்றுகொண்டு, “இங்கன ஏதாவது வேல இருக்குமா பெரியம்மா” என்றாள். உட்காரச் சொல்லி, என்ன நடந்தது என்று கேட்டேன். “நாந்தான் தப்பு பண்ணிட்டேன்” என்றாள்.

இரண்டு வாரத்துக்கு முன் நீ இதையே என்னிடம் போனில் சொல்லியிருந்தாய். பஸ் டிக்கெட் பதிவு செய்கிற ஒரு கம்பெனிக்கு உங்கள் மென்பொருளின் புதுப் பதிப்பு போனது, போன இடத்தில் ஒரு நாள் பதிவு முழுவதும் அழிந்துவிட்டது, ஒரே சீட்டுக்கு இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு பஸ் நிலையமே அல்லோலப்பட்டது என்றாய். “நம்ம கம்பத்துப் பிள்ள சொதப்பிருச்சும்மா” என்று சொல்லிச் சிரித்தாய். நானும் அச்சச்சோ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கே உன்னை நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தப்பு.

வெள்ளிக்கிழமை அவளைக் கேட்டேன். தொழில் தெரிந்தவள் கேட்கிற கேள்விகளாகக் கேட்டேன். புதுப் பதிப்பைப் பொட்டலமாகக் கட்டி அனுப்பும்போது அதோடு ஒரு ஸ்கிரிப்ட் போகும் அல்லவா, வரிசையான கட்டளைகள், பழைய பதிவுகளைப் புது இடத்துக்கு நகர்த்துவது, அது எங்கே நின்றது என்று கேட்டேன். நிற்கவில்லை, அதுதான் கோளாறு என்றாள். நகல் எடுக்க இடம் போதவில்லை, நகல் பாதியில் போனது, ஆனாலும் ஸ்கிரிப்ட் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்ப் பழையதை அழித்துவிட்டது. ஏன் நிற்கவில்லை? அவள் ஒரு பழைய காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். நகல் எடுக்கிற வரியின் கடைசியில் செங்குத்தாக இரண்டு கோடு, அதற்குப் பக்கத்தில் ‘உண்மை’ என்பதற்கான ஆங்கிலச் சொல். இந்த வேலை தோற்றுப்போனாலும் ஜெயித்ததாகவே எடுத்துக்கொள் என்று மெஷினுக்குச் சொல்கிற வரி அது. இதைச் சேர்த்தது யார் என்று கேட்டேன். உன் பெயரை அவள் சொல்லவே இல்லை. சோதனையில் அந்த வரி திரும்பத் திரும்பத் தப்பு காட்டிக்கொண்டிருந்தது, அன்றைக்கே அனுப்பியாக வேண்டியிருந்தது, அனுப்புகிற பொத்தானை அழுத்தியது மட்டும்தான் தன் வேலை என்றாள். வரியைச் சேர்த்தது அண்ணனா என்று நேராகக் கேட்டேன். “அண்ணனுக்கு அன்னைக்கு ரொம்ப வேல பெரியம்மா” என்றாள். அதாவது ஆமாம் என்றாள்.

மேலாளர் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, இதை அனுப்பியது யார் என்று கேட்டாராமே. அவள் கையைத் தூக்கியிருக்கிறாள். நீ எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை, கேட்காததால் நீயும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே அவளைப் பையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

இனி என் கதையைக் கேள். இதில் கொஞ்சம் உனக்குத் தெரியும். தெரியாததுதான் நிறைய.

நான் வேலைக்குப் போனது தொண்ணூற்றாறில். தேனியில் பெரியகுளம் சாலையில் ஒரு மாடி, நான்கு கம்ப்யூட்டர், தனபாலன் என்று ஒரு முதலாளி. கணக்கில் பட்டம் வாங்கி, கல்யாணமாகி, உன்னைப் பெற்று, நீ பள்ளிக்கூடம் போன பிறகு கம்ப்யூட்டர் படித்தவள் நான். அந்த மாடியில் தனக்கென்று ஒரு மேசையும் கீபோர்டும் இருந்த ஒரே பெண்பிள்ளை. உன் சித்தப்பாமார் என்னைப் பற்றி என்ன பேசினாலும், காலையில் அந்தப் படியில் ஏறும்போது எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பெருமைதான் பிறகு என் வாயை அடைத்தது.

தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளின் விவரங்களை வைத்துக்கொள்ள நான் ஒரு புரோகிராம் எழுதிக்கொடுத்தேன். யாருக்கு என்ன வியாதி, எந்த மருந்து கொடுத்தது, எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அதில் இருக்கும். இரண்டு ஆண்டில் ஆயிரக்கணக்கான பேர் அதில் ஏறிவிட்டார்கள். தொண்ணூற்றெட்டில் புதுப் பதிப்பு போட வேண்டி வந்தது. ஏழு பிளாப்பி டிஸ்க். முதல் பிளாப்பியில் நிறுவுகிற ஸ்கிரிப்ட். அது செய்ய வேண்டிய வேலை சின்னது. பழைய விவரங்களை வேறு டிரைவில் நகல் எடுக்கணும், பழையதை அழிக்கணும், புதியதை ஏற்றணும், நகலைத் திரும்ப உள்ளே வைக்கணும். நகல் எடுக்கிற கட்டளை முடிந்ததும் ஓர் எண்ணைத் தரும். பூஜ்ஜியம் வந்தால் நலம். வேறு எந்த எண் வந்தாலும் எங்கோ கோளாறு. நான் எழுதிய ஸ்கிரிப்ட் அந்த எண்ணைப் பார்த்தது. பூஜ்ஜியம் இல்லையென்றால் எதையும் அழிக்காமல் நின்று, என்ன தப்பு என்று திரையில் சொன்னது.

தனபாலன் அதைப் போட்டுப் பார்த்தார். பிளாப்பிகளில் ஒன்று பழுது, ஸ்கிரிப்ட் இரண்டு முறை நின்றது. என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “ஆஸ்பத்திரியில போய் உக்காந்துக்கிட்டு ஸ்கிரீன்ல தப்பு தப்புன்னு வந்துச்சுன்னா டாக்டர் நம்மள என்ன நெனப்பாக? எது நடந்தாலும் கடைசியில சக்ஸஸ்னு வரணும்” என்றார். நான் முடியாது என்றேன். மறுநாளும் கூப்பிட்டார், மறுநாளும் முடியாது என்றேன். மூன்றாம் நாள், புதிதாக ஒரு பையன் வேலை கேட்டு வந்திருக்கிறான், சொன்னதைச் செய்கிறவனாம் என்றார். நான் போய் எழுதினேன். எண்ணைப் பார்க்கிற வரியை எடுத்தேன். திரையில் வருகிற செய்திகளையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் திருப்பிவிட்டேன். கடைசியில், வெற்றிகரமாக முடிந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டேன். அவசரத்தில் அந்த ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் நகல் வைக்க இடமில்லை. என் ஸ்கிரிப்ட் நகலெடுக்க முயன்றது, முடியவில்லை, சத்தமில்லாமல் அடுத்த வரிக்குப் போனது, எல்லாவற்றையும் அழித்தது, வெற்றி என்று சொன்னது. டாக்டர் எனக்கு காபி வரவழைத்துக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்துத்தான் பழைய பெயர் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. அதற்குள் கடமலைக்குண்டிலிருந்து பேச்சியம்மாள் என்ற பெண் காய்ச்சலோடு வந்துவிட்டாள். அவளுடைய வீட்டுக்காரர் இலவம்பஞ்சு வியாபாரி, அன்று வெளியூர் போயிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள். பேசுகிற நிலையில் அவள் இல்லை. கம்ப்யூட்டரில் அவள் பெயரே இல்லை. எந்த ஊசி அவளுக்கு ஆகாது என்று இரண்டு ஆண்டுக்கு முன் அதே ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து எழுதிவைத்திருந்தார்களோ அந்த ஊசியையே போட்டார்கள். மூச்சு நின்று, மதுரைக்குக் கொண்டுபோய், பல நாள் கழித்து உயிரோடு வந்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவளுக்கு வலது கை வரவில்லை, பேச்சும் குழறிப்போனது.

தனபாலன் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் என் பெயர் இருந்தது. கம்பெனியைக் கேட்காமல், தெரியாமல், நானாகவே ஸ்கிரிப்டை மாற்றிவிட்டேன் என்று இருந்தது. அதைத் தட்டச்சு செய்யவைத்ததும் என்னைத்தான். தட்டச்சு செய்தேன். பிறகு கடமலைக்குண்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரச் சொன்னார். போனேன். பேச்சியம்மாள் சுவரோரமாகப் படுத்திருந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் என்னைத் திட்டுவார் என்று நினைத்துப் போனவள் நான். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். “எங்ககிட்ட சீட்டு இருந்துச்சும்மா. சேராத ஊசி பேரு அதுல பெருசா எழுதிருந்துச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனி இது எதுக்குன்னு அவுகதான் வாங்கி வச்சுக்கிட்டாக” என்றார். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் நான் ஏறியதே இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் வேலை போனது. அதோடு விடவில்லை அந்த ஆள். தேனியிலும் போடியிலும் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் அப்போது ஒரு கை விரலில் அடங்குவார்கள். ஒவ்வொருவரிடமும் போய் என்னைப் பற்றிச் சொல்லிவைத்தார். ஆஸ்பத்திரியில் ஓர் உயிருக்கு உலை வைத்த பொம்பளை என்று. நீ அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடத்தில் எவனோ கேட்டான் என்று அழுதுகொண்டு வந்தாய். உன் அப்பா, விடு, வேறு வேலை வராமலா போகும் என்றார். நான் விடவில்லை. வீட்டில் நான்கு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டு, அரிசி களைந்துகொண்டு, துணி காயப்போட்டுக்கொண்டு, மூன்று ஆண்டு அந்த ஆளை எப்படிக் கவிழ்ப்பது என்பதை மட்டுமே யோசித்தேன். கோவிலுக்குப் போனால்கூட எனக்கென்று கேட்டதில்லை. அவர் கீழே விழ வேண்டும், விழும்போது நான் பார்க்க வேண்டும், இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டேன்.

அந்த மூன்று ஆண்டுக்கு நடுவிலேயே, இரண்டாயிரத்தில், நம் கடையைத் திறந்தேன். பழுது பார்ப்பது, தட்டச்சு, பிரிண்ட். அடுத்த ஆண்டு சின்னமனூரில் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டரம்மா ஒருவர் கடைக்கு வந்தார். தனபாலன் ஒரு புரோகிராம் விற்கிறார், வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று ஏழு பிளாப்பியைக் கொடுத்தார். முதல் பிளாப்பியைத் திறந்து பார்த்தேன். என் ஸ்கிரிப்ட். ஒரு வரிகூட மாறவில்லை. ஓர் எழுத்து விட்டுப்போன அந்த வெற்றிச் செய்தி அப்படியே இருந்தது. ஓர் உயிரைப் பாதியாக்கிய பிறகும், என்னைத் தெருவில் நிறுத்திய பிறகும், அந்த மனிதர் அதைத் திருத்த வேண்டும் என்றுகூட நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு வந்தது கோபம் இல்லை, சந்தோஷம்.

தேனியில் ஒரு ஹோட்டல் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வட்டாரத்தில் ஆஸ்பத்திரி வைத்திருப்பவர்களையெல்லாம் கூப்பிட்டு அவர் தன் புரோகிராமைக் காட்டினார். டாக்டரம்மாவிடம் நான் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்காரவைத்தார். மேடையில் பெரிய டிவி, ஒரு கம்ப்யூட்டர், அதை இயக்க ஜீனத் என்ற பெண். உத்தமபாளையத்துக்காரி, தனபாலனிடம் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். பேச்செல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா எழுந்து, எங்களுக்குக் கொடுத்த பிளாப்பியையே இந்த மெஷினில் ஏற்றிக் காட்டுங்கள், பிறகு வாங்குகிறோம் என்றார். நான் கொண்டுபோயிருந்த ஏழில் முதலாவது மட்டும்தான் அவருடையது. மற்ற ஆறும் கடையில் வாங்கிய வெற்றுப் பிளாப்பிகள். எண் எழுதி ஒட்டியது நான்.

ஜீனத் ஒவ்வொன்றாகப் போட்டாள். மெஷின் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டது. ஏழாவது முடிந்ததும் வெற்றிகரமாக முடிந்தது என்று பெரிய டிவியில் வந்தது. தனபாலன் கைதட்டலுக்காகத் திரும்பினார். டாக்டரம்மா, இப்போது புரோகிராமைத் திறங்கள் என்றார். திறக்கவில்லை. மறுபடியும் முயன்றாள். பழையது அழிந்திருந்தது, புதியது ஏறவே இல்லை. பிறகு டாக்டரம்மா, அந்த ஆறு பிளாப்பியும் வெற்று, அதற்கும் வெற்றி என்றுதான் வந்தது என்று கூடத்துக்குச் சொன்னார். முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு வரிசை வரிசையாகச் சிரித்தார்கள்.

தனபாலன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார். “டிஸ்க் ரெடி பண்ணுனது இந்தப் பொண்ணுதான். புதுசு. எங்கள ஒரு வார்த்த கேக்காம மாத்திருச்சு.” மூன்று ஆண்டுக்கு முன் என்னைத் தட்டச்சு செய்யவைத்த அதே வாசகம். ஜீனத் மவுஸைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை.

நான் எழுந்தேன். “அந்த வரிய எழுதுனது அந்தப் பிள்ள இல்ல. நான் எழுதுனேன், தொண்ணூத்தெட்டுல. எழுதச் சொன்னது நீங்க. கதவச் சாத்திட்டுச் சொன்னீக” என்றேன். இரண்டாவது வரிசையில் தேனி டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு தனபாலனைப் பார்த்தார். “அப்ப இந்தம்மா கேக்காமச் செஞ்சாகன்னு எனக்கு எழுதுனது என்னது” என்று கேட்டார். கூடம் காலியாக ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அந்த ஏழு பிளாப்பியையும் பையில் போட்டுக்கொண்டு ஆண்டிபட்டியிலிருந்து கூடலூர் வரைக்கும் அவருடைய வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் போனேன். கேட்டவர்களுக்கும் காட்டினேன், கேட்காதவர்களுக்கும் காட்டினேன். ஓர் ஆண்டில் அவர் மாடியைக் காலி செய்தார். போர்டைக் கழற்றிய அன்று உன்னைக் கூட்டிக்கொண்டு போய் எதிரில் டீக்கடையில் நின்றேன். உனக்குப் பன் வாங்கிக் கொடுத்தேன். ஏம்மா இங்கே நிற்கிறோம் என்று கேட்டாய். வேடிக்கை பார்க்க என்றேன். நான்கு பேர் போர்டை இறக்கிச் சுவரில் சாய்த்து வைக்கும் வரைக்கும் பார்த்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு இனிக்கிறது. வயதாகி மனசு மாறிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஜீனத் விஷயத்தில் எனக்கு மன்னிப்பு இல்லை. மேடையில் அத்தனை பேர் முன்னால் பழி சுமந்து நின்ற பெண்ணை அவள் வீட்டில் அதற்குப் பிறகு வேலைக்கு அனுப்பவில்லை. நான் உத்தமபாளையத்துக்குப் போய், என் கடைக்கு வா என்று கூப்பிட்டேன். அவளுடைய அத்தா நாசூக்காக மறுத்துவிட்டார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பிய ஜீனத், “அக்கா, அது வெறும் டிஸ்க்குன்னு ஒங்களுக்குத் தெரியும். அதப் போடப்போறது நாந்தான்னும் தெரியும். எனக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்” என்றாள். தெரியும். அந்த மனிதர் பழியை யார்மேல் போடுவார் என்றும் எனக்குத் தெரியும். சொன்னால் அவள் முகத்தில் தெரிந்துவிடும், என் திட்டம் கெட்டுவிடும் என்றுதான் சொல்லவில்லை. எழுந்து நின்று அவளைக் காப்பாற்றியதாக ஊரில் பேசினார்கள். அவளை அங்கே நிறுத்தியதே நான்தான் என்பது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இப்போது உனக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நீ பன்னிரண்டாவது படித்தபோது கடையில் விளையாட்டு ஏற்றுகிறேன் என்று ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரரின் ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்துவிட்டாய். எத்தனையோ பேருடைய கல்யாணப் படங்கள். “ஏலே, என்ன பண்ணி வச்சிருக்க” என்று கேட்டதற்கு அழுதாய். அவர் வந்து கேட்டபோது நான் வைரஸ் என்று சொன்னேன். கண்ணைப் பார்த்துச் சொன்னேன். உனக்குப் பரீட்சை நேரம், நீ பயந்து போயிருந்தாய், அவரும் நல்ல மனிதர், நம்பிவிட்டார். தனபாலனைத் தெருத்தெருவாகத் துரத்திய நான், என் பிள்ளைக்காக அவர் செய்ததையே செய்தேன். தப்பு நடந்தாலும் ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த வரிக்குப் போகலாம் என்று உனக்குக் காட்டிக்கொடுத்தது எந்தக் கம்பெனியும் இல்லை. அதனால்தான் உன்மேல் வருகிற கோபத்தில் பாதி என்னையே சுடுகிறது. பாதிதான். மீதியை நீ வாங்கிக்கொள்.

உனக்கு வயது இருபத்துநான்கு. நிறுவுகிற ஸ்கிரிப்ட் எழுதுவதை உனக்கு முதலில் சொல்லித்தந்தவள் நான். நகல் சரியாக எடுத்ததா என்று எண்ணிப் பார்க்காமல் பழையதைத் தொடாதே, பாதியில் நின்றால் முன்பு இருந்த நிலைக்குத் திரும்பிப் போக வழி வை, என்ன தப்பு என்று எழுதிவை, எழுதியதைப் படிக்கிறவனுக்குப் புரிகிற மாதிரி எழுது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். அன்றைக்கு வேலை அதிகம் என்பதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். அவசரத்தில் யாரும் அந்த இரண்டு கோட்டைப் போட்டுவிடலாம். நானே போட்டவள்தான். ஆனால் அந்த அறையில் உனக்கு எந்த அவசரமும் இல்லை. உட்கார்ந்திருந்தாய். வாய் திறக்க அரை நிமிடம் போதும். உன் வேலையைப் பிடுங்கப் புதிதாக ஒருவன் வாசலில் நிற்கவும் இல்லை. உன்னை மிரட்ட தனபாலன் இல்லை. நீயாகவே தனபாலனாக இருந்தாய்.

சனிக்கிழமை முழுவதும் கௌசல்யாவும் நானும் கடையில் உட்கார்ந்திருந்தோம். இந்த முறை நான் முதலில் அவளைத்தான் கேட்டேன். உண்மையை உன் கம்பெனிக்குத் தெரியவைக்கலாம், இது உனக்கு வேண்டுமா, வேண்டாம் என்றால் நான் தொட மாட்டேன், வேலை மட்டும் தருகிறேன் என்றேன். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்று கம்பத்துக்குப் பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பாவோடு வந்தாள். “வேணும் பெரியம்மா. எம் பேருல இருக்கக்கூடாது” என்றாள்.

நீ எழுதிய பொட்டலத்தைப் பற்றி உனக்கே ஒன்றை நினைவுபடுத்துகிறேன். உங்கள் அலுவலகத்துக் கம்ப்யூட்டரை அவள் இனி தொட முடியாது, அதனால் சாட்சி இல்லை என்று நினைத்திருப்பாய். அந்தப் பொட்டலத்துக்குள்ளேயே மாற்றங்களின் பட்டியல் போகிறது. எந்தத் தேதியில், யார், எந்த வரியை மாற்றினார் என்று அதில் இருக்கிறது. உன் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் உன் கையாலேயே எழுதியவை. அது இப்போது பஸ் டிக்கெட் கம்பெனியின் மெஷின்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. இரண்டு கட்டளை கொடுத்தால் ஸ்கிரிப்டும் தெரியும், பெயரும் தெரியும். அந்த இரண்டு கட்டளையையும் எழுதி, ஏன் கேட்கிறோம் என்பதையும் எழுதி, அந்தக் கம்பெனிக்கும் உன் மேலாளருக்கும் ஒரு மின்னஞ்சல் தயார் செய்து வைத்திருக்கிறோம். எழுதியது கௌசல்யா. ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தது நான். அதில் உன்னைத் திட்டி ஒரு சொல் இல்லை. நான் சேர்க்கச் சொன்ன இரண்டு சொற்களையும் அவள் எடுத்துவிட்டாள்.

அது நாளை மறுநாள், புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போகும். அதற்குள் நீ உன் மேலாளருக்கு, அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் நகல் வைத்து, வரி என்னுடையது, கௌசல்யாவுடையது இல்லை, அவளைத் திரும்ப எடுங்கள் என்று எழுதிவிட்டால் எங்கள் மின்னஞ்சல் போகாது. உன் வேலை போகலாம். கல்யாணத்துக்கு முன்னால் வேலை போனால் பெண்வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணிடம் நீயே சொல், அவள் என்ன சொல்கிறாள் என்று பார். வேலை இல்லாமல் இரண்டு ஆண்டு இருந்தவள் உனக்குச் சோறு போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன்.

பெற்ற மகன் என்பதால் கை கூசும், கடைசி நேரத்தில் விட்டுவிடுவேன் என்று கணக்குப் போடாதே. கூசுகிறது. உன் அப்பா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. இந்தக் கடிதத்தைக் கௌசல்யாவுக்குப் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்தாள். “அண்ணனுக்கு வெள்ளிக்கிழம வரைக்கும் குடுப்பமா பெரியம்மா” என்று கேட்டாள்.

புதன்கிழமை என்றேன்.

அம்மா